ஜெயந்தினியின் பழுப்புக் கண்கள்

ஜெயந்தினிக்குப் பூனைக் கண். வெளிர் பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். வெயில் பட்டால் பச்சை தூக்கலாகத் தெரியும், மழை நாளில் சாம்பல். நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை நாட்கள்தான் அதிகம். அதனால் நான் அவளைப் பெரும்பாலும் சாம்பல் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

அவளுடைய அப்பா செல்லசாமிக்கும் அம்மாவுக்கும் கறுத்த கண்கள். அண்ணன்மாருக்கும் அப்படியே. இவளுக்கு மட்டும் எப்படி என்று கேட்டால், அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரை பங்களாவில் வேலை செய்த அவளுடைய பூட்டி ஒருத்தியைப் பற்றித் தோட்டத்தில் ஒரு கதை சொல்வார்கள். பார்த்தவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. ஆனாலும் கதை எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவளைப் 'பூனக்கண்ணி' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

திருமணமாகி, அதே தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்து எங்கள் டிவிசனுக்கு வந்தவள். கணவன் துஷாந்த் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். ஒரு பெண் குழந்தை பிறந்து, பிறந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோனது. அதைப் பற்றி அவள் என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கொழுந்து பறிக்கப் போனாள். மலையிலிருந்து வந்தாள், சமைத்தாள், படுத்தாள். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொன்னாள். அவ்வளவுதான்.

நான் பல வருடம் வெளிநாட்டில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை பார்த்துவிட்டு வந்து, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மார்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுச் செல்லும் இடம் அது. எனக்கு முழங்கால் சரியில்லை. எனக்குப் பதில் ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஜெயந்தினி உயர்தரம் வரை படித்தவள். அவளைப் பயிற்சிக்கு அனுப்பி, தற்காலிகமாக என்னோடு போட்டார்கள். ஆறு மாதம் பார்ப்பார்கள், தாய்மார்கள் பிள்ளைகளை விட்டால் வேலை நிரந்தரம். விடாவிட்டால் அவள் மறுபடி மலைக்குப் போக வேண்டியதுதான்.

வேலை சுத்தமாகச் செய்தாள். பால் போத்தல்களைக் கொதிக்க வைப்பாள், துணிகளை அலசுவாள், சேலைத் தொட்டிலின் முடிச்சைத் தினமும் இழுத்துப் பார்ப்பாள். கொஞ்சிப் பேசத் தெரியாது. ஆனால் அவள் கையில் எந்தக் குழந்தையும் பால் குடிக்கும்போது புரைக்கேறி நான் பார்த்ததில்லை. எனக்கு அது போதும்.

தாய்மார்களுக்குப் போதவில்லை. பத்து மணிக்குப் பால் கொடுக்க இறங்கி வரும்போது, குழந்தையின் முகத்தில் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் திருப்பி அவள் கையில் கொடுத்தார்கள். கன்னத்துப் பொட்டு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. நிஷாந்தி என்ற பெண்ணின் நாலு மாதக் குழந்தைக்கு நெற்றியில் ஒன்று, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, உள்ளங்காலில் ஒன்று.

"பொட்டு வச்சிருக்கியா, பூசிவிட்டிருக்கியா?" என்று கேட்டேன்.

"எங்க மாமி வச்சுவிட்டாங்க ஆயாம்மா. நான் என்னாத்த சொல்ல?"

மாமி என்றால் அவள் மாமியார் ராசம்மா. கொழுந்து பறிப்பதிலிருந்து ஓய்வு பெற்றவள், வாயிலிருந்து ஓய்வு பெறாதவள். அவள்தான் தோட்டத் தலைவர் சிவசாமியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் மாலை சிவசாமி வாசலில் வந்து நின்று, குடையை மடக்காமலே பேசினார்.

"நான் ஒன்னும் சொல்லலீங்க. பொம்பளைங்கதான் பேசிக்கிறாங்க. பூனக்கண்ணு, அதுலயும் புள்ள தங்காத பொண்ணு. கண்ணூறு பட்டுரும்னு பயப்படுறாங்க. நாளைக்கு புள்ளைங்கள விட மாட்டோம்னு சொன்னாங்கன்னா, தொர என்னையத்தான் கேப்பாரு."

ஜெயந்தினி உள்ளே பாய் மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். பாயை மடித்து முடித்து, அடுத்த பாயை எடுத்தாள்.

மறுநாள் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் சொன்னாள்.

"கண்ணுக்கு லென்ஸ் போடலாம்னு இருக்கேங்க."

"பார்வைக்கா?"

"கலருக்கு. ஹட்டன்ல கலியாணப் பொண்ணுங்களுக்கு போட்டு விடுறாங்க. அவங்க கறுப்ப பச்சையாக்குறாங்க. நான் பச்சைய கறுப்பாக்கணும்."

கோபமோ வருத்தமோ குரலில் இல்லை. கூரை ஒழுகுகிறது, தகரம் மாற்ற வேண்டும் என்பதுபோல் சொன்னாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாகப் போகாதே, நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். கண்ணுக்குள் எதையாவது வைப்பது விளையாட்டில்லை. வெளிநாட்டில் நான் பார்த்துக்கொண்ட ஒரு கிழவிக்குக் கண்ணில் புண் வந்து, மாதக்கணக்கில் மருந்து விட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். அழகு நிலையத்துக்குப் போக நான் சம்மதிக்கவில்லை. கண் பரிசோதிக்கும் ஆள் இருக்கும் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். கடையில் இருந்தவர் பெயர் நிரஞ்சன், முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் கண்ணைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்ன பிராண்ட் போட்டிருக்கீங்க? இவ்வளவு இயற்கையா நான் பாத்ததே இல்ல."

"இது என் கண்ணுங்க."

"சொந்தமாவா?"

"வாடகைக்கு யாரு குடுப்பா?" என்றேன் நான்.

அவர் சிரித்தார். கறுப்பாக்க வேண்டும் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. "அக்கா, இந்தக் கலருக்காக இங்க பொண்ணுங்க அடிச்சுக்கிறாங்க" என்றார். ஏன் என்று நாங்கள் விளக்கவில்லை. கடைக்காரருக்குத் தேவை அளவு மட்டும்தானே.

கண்ணின் வளைவை அளந்தார், கண்ணில் ஈரம் போதுமா என்று பார்த்தார். பிறகு வண்ண அட்டையை விரித்தார். தேன், சாம்பல், நீலம், மரகதம் என்று வரிசையாக இருந்தது. பழுப்பு கடைசி மூலையில், மூன்றே மூன்று. கறுத்த கண்ணை வெளிர் நிறமாக்குவதுதான் கடினம், அதற்கு அடர்த்தியாக வண்ணம் பூசிய லென்ஸ் வேண்டும் என்றார். வெளிர் கண்ணைக் கறுப்பாக்க மெல்லிய சாயமே போதும், ஆனால் அடியில் இருக்கும் நிறம் கலந்து வரும். அட்டையில் பார்ப்பது ஒன்று, கண்ணில் ஏறினால் வேறு. அதனால் போட்டுப் பார்க்காமல் எடுக்கவே கூடாது. பளிச்சென்ற விளக்கில் மட்டும் பார்க்கக் கூடாது, எந்த வெளிச்சத்தில் நாள் முழுக்க இருக்கப்போகிறோமோ அந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். நல்ல பேச்சு. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

முதலில் மிகக் கறுத்ததைப் போட்டார். ஜெயந்தினி கண்ணாடியைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பொம்மைக்கு ஒட்டிய கண்போல இருந்தது. கருவிழி எது, நடுவில் உள்ள பாவை எது என்று பிரிக்க முடியவில்லை.

"இத பாத்தா புள்ளைங்க பயந்துரும்" என்றேன்.

இரண்டாவது செம்பழுப்பு. அடியில் இருந்த பச்சை எழும்பி, பாசி பிடித்த தொட்டித் தண்ணீர்போல ஆகிவிட்டது. அதையும் கழற்றினார்.

மூன்றாவதைப் போடுவதற்கு முன் அவள் என் பக்கம் திரும்பி, என் முகத்துக்குக் கிட்டே வந்து கண்ணைப் பார்த்தாள்.

"சாதாரணக் கண்ணு எப்புடி இருக்கும்னு பாக்குறேங்க. ஒங்க கண்ணு மாதிரி இருந்தா போதும்."

"எங்கண்ணு கெழட்டுக் கண்ணு. சுத்தி வெள்ள வளையம் வந்துருச்சு. அந்த ஆளோடத பாரு."

நிரஞ்சன் கொஞ்சம் கூச்சத்தோடு கண்ணை விரித்துக் காட்டினார். அவள் அட்டையைப் பிடித்து அவர் கண்ணோடு ஒப்பிட்டாள், சேலைக்கு நூல் பொருத்துவது மாதிரி. ஓரத்தில் மெல்லிய கறுப்பு வளையமும் உள்ளே கோப்பி நிறமும் உள்ள மூன்றாவதைக் கேட்டாள். போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனோம். வெளியே மப்பும் தூறலும். எங்கள் காம்பராவின் வெளிச்சம்தான்.

அந்த வெளிச்சத்தில் அவள் யாரோ ஒருத்தி. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நூறு பெண்களில் ஒருத்தி. திரும்பிப் பார்க்கத் தோன்றாத முகம்.

"இது" என்றாள்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். எத்தனை மணி நேரம் போடலாம், எதில் கழுவ வேண்டும், எப்போது எறிய வேண்டும். பைப் தண்ணீர் படவே கூடாது, தூங்கும்போது போடவே கூடாது, சிவந்தால் உடனே கழற்ற வேண்டும் என்றார். "அடுப்படி?" என்றேன். "புகையும் மிளகாயும் வேணாம். லென்ஸ் போட்டா சில நேரம் கண்ணுக்கு உறைப்பு தெரியாது. தெரியலன்னு நின்னுரக் கூடாது" என்றார். ஜெயந்தினி போடுவதையும் கழற்றுவதையும் அங்கேயே திரும்பத் திரும்பச் செய்து காட்டிவிட்டுத்தான் புறப்பட்டாள்.

திங்கட்கிழமை பால் நேரத்தில் தாய்மார்கள் வந்தார்கள். முதலில் கண்டுபிடித்தது நிஷாந்தி.

"என்னா, கண்ணு கறுத்துருச்சு?"

"வெயில்ல கறுத்துருச்சு."

"நம்ம தோட்டத்துல வெயிலா! எந்தப் பக்கம் அடிச்சுச்சு, சொல்லு, நானும் போயி நிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். லென்ஸ் என்று பிறகு சொன்னாள். ஒருத்தி கிட்டே வந்து பார்த்து, "நெசமாலுமே நம்ம கண்ணு மாதிரியே இருக்கு" என்றாள். அந்த வாரம் துண்டுகள் குறைந்தன. அதற்கடுத்த வாரம் நிஷாந்தி குழந்தையின் உள்ளங்கால் பொட்டை விட்டுவிட்டாள். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளில் ஒரு சின்னப் பெண் மட்டும், ஜெயந்தினியின் இமையை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "மியாவ் எங்க?" என்று சில நாள் கேட்டது. பிறகு விட்டுவிட்டது.

ஜெயந்தினியிடம் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. சந்தோஷமா என்று ஒருநாள் கேட்டேன். "வேல போகாதுல்லங்க" என்றாள்.

போகாது என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது நிஷாந்தியின் குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் வருவதுதான். அந்த மாதம் இன்னும் இரண்டு வீடுகளில் இருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, குழந்தை தேறியும் வந்துவிட்டது. ஆனால் ராசம்மா விடவில்லை.

"மூடி போட்டா கண்ணு இல்லாம போயிருமா? உள்ளுக்குள்ள அதே கண்ணுதான இருக்கு" என்று லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

ஒரு காலை, பால் நேரத்துக்கு அவளே வந்தாள். முந்தானையில் உப்பும் காய்ந்த மிளகாயும். வாசலில் ஜெயந்தினி மிதித்துப் போன ஈர மண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளி அதையும் சேர்த்தாள். எங்கள் ஆட்கள் கண்ணூறு கழிக்கும் முறை அது. யார் கண் பட்டது என்று சந்தேகமோ அவருடைய காலடி மண்ணையும் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். வீட்டில் அந்தியில் செய்வார்கள். ராசம்மாவோ, பட்ட இடத்திலேயே கழிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"புள்ளைங்க இருக்கற எடத்துல மொளகா கருக்க விட மாட்டேன்" என்றேன்.

"பின்னாடி அடுப்புல போடுறேன் ஆயா. நீங்க கதவ சாத்திக்கிருங்க. இத கழிக்காம இவ இனிமே புள்ளைய இங்க கொண்டார மாட்டா. மத்தவளுகளும் அப்புடித்தான்."

நிஷாந்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற தாய்மார்கள் என்னைப் பார்க்காமல் அடுப்படியைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளையும் வராவிட்டால் காம்பரா எதற்கு, ஜெயந்தினி எதற்கு. நான் பிள்ளைகளை முன் அறைக்குத் தள்ளி, கதவை அடைத்து, அடியில் ஈரத் துணி வைத்தேன். குழந்தையை ராசம்மா சுற்றி முடித்ததும் அதையும் தொட்டிலில் போட்டேன்.

"நீயும் வந்து நில்லும்மா" என்றாள் ராசம்மா ஜெயந்தினியிடம். "கண்ணூறு போட்ட கண்ணுக்குத்தான் நெடி ஏறாது. ஒன் கண்ணு எரிஞ்சா நான் போயி தலைவர்கிட்ட தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிர்றேன். எரியலன்னா நீயே போயிரு."

"சரிங்க" என்றாள் ஜெயந்தினி.

அடுப்பில் பால் காய்ச்சிய தணல் இருந்தது. உப்பு வெடித்தது. மிளகாய் கறுத்துப் புகைந்தது. புகைபோக்கி பாதி அடைந்த அடுப்படி அது. எனக்குத் தொண்டை அடைத்தது. தாய்மார்கள் இருமி, கண்ணைக் கசக்கி, மூக்கைச் சிந்தி, ராசம்மாவைத் திட்டினார்கள். ராசம்மாவுக்கே கண் ஊற்றியது. ஜெயந்தினியும் இருமினாள். ஆனால் அவள் கண் காய்ந்து கிடந்தது. அந்தப் பழுப்புக் கண்கள் ஒரு சொட்டு ஈரமில்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களாடி?" என்றாள் ராசம்மா இருமலுக்கு நடுவே. "எல்லாருக்கும் ஊத்துது. இவளுக்கு மட்டும் ஒன்னுமில்ல."

நிஷாந்தி ஓர் அடி பின்னால் போனாள்.

"லென்ஸ் மறைச்சுக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்" என்றேன். "கடையில அப்பவே சொன்னாங்க."

"அப்ப அத கழட்டட்டும்."

புகை அடங்கட்டும் என்று நான் சொல்வதற்குள் ஜெயந்தினி தண்ணீர்ப் பீப்பாய்ப் பக்கம் போய்விட்டாள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். பயிற்சியில் சொன்ன மாதிரி விரல் இடுக்கு வரை தேய்த்தாள். சுத்தத் துணியில் துடைத்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி நின்று, கீழிமையை இழுத்து ஒரு லென்ஸை எடுத்தாள். உடனே அந்தக் கண் இறுக மூடியது. மற்றதையும் எடுத்தாள். அது நழுவி, கழிவுத் தண்ணீர் ஓடும் கானுக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு கண்ணீர் கொட்டியது. கன்னம், கழுத்து, சட்டை எல்லாம் நனைந்தது. லென்ஸ் மூடியிருந்ததால் பிழைத்திருந்த கண்ணில் அத்தனை நெடியும் ஒன்றாக ஏறியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. முகம் சிவந்து வீங்கியது. அவள் சத்தம் போடவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் அவளை வெளியே இழுத்து, பெஞ்சில் தலையைச் சாய்க்க வைத்தேன். "ஆறின தண்ணி! கொதிச்சு ஆறினது!" என்றேன். கேத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது ராசம்மாதான். நான் இமையைப் பிரித்துப் பிடிக்க, அவள் ஊற்றினாள்.

"மெதுவா ஊத்து. மூக்குப் பக்கத்துலேர்ந்து."

"அழாத புள்ள" என்றாள் ராசம்மா. "அழாத. நான் ஒன்னையத் திட்டலையே. ஏதோ பயத்துல சொன்னேன்."

"எவ்வளவு நாளா அடக்கி வச்சிருந்துச்சோ" என்றாள் ஒருத்தி. "அது புள்ள செத்தப்பகூட அழுது நான் பாக்கல."

நிஷாந்தி தன் துண்டால், குழந்தை முகத்தை மூடும் அதே துண்டால், ஜெயந்தினியின் கழுத்தைத் துடைத்தாள். அவளும் அழுதாள். அது மிளகாயா மனசா என்று நான் பார்க்கவில்லை. எனக்குக் கழுவுகிற வேலை இருந்தது.

மறுநாள் ஜெயந்தினி வீங்கிய இமைகளோடு, தன்னுடைய சாம்பல் கண்ணோடு வேலைக்கு வந்தாள். கண் வைத்தியர் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். கொஞ்ச நாளைக்கு லென்ஸ் கிட்டேயும் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். நிஷாந்தி துண்டில்லாமல் குழந்தையை நீட்டினாள். கன்னத்தில் ஒரு பொட்டு மட்டும். அது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு.

"இனிமே அழக் கூடாது, என்னா?" என்றாள்.

"சரி" என்றாள் ஜெயந்தினி.

சிவசாமி அதே வாரம் மறுபடி வந்தார். இந்த முறை குடையை மடக்கினார். "பொம்பளைங்க எல்லாம் சொல்லிட்டாங்க. ரொம்ப அழுதுருச்சாமே. நல்ல பொண்ணுதான், நல்ல மனசு. தொரகிட்ட நானே பேசுறேன்" என்றார். பேசினார். ஆறு மாதம் முடியும்போது வேலை நிரந்தரமானது.

சின்னப் பெண்ணுக்கு மியாவ் திரும்பி வந்துவிட்டது. அந்தக் கண்ணைப் பார்த்து அது ஒன்றுதான் சிரித்தது.

நான் வேலையை ஒப்படைத்த நாளில் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். லென்ஸ் டப்பா அங்கே இருந்தது. இரண்டு குழிகள், ஒன்றில் காய்ந்துபோன ஒற்றை லென்ஸ்.

"ஆயாம்மா" என்றாள். "அன்னைக்கு நான் அழுதேனா?"

"இல்ல. மொளகா."

"ஆமா, எனக்கும் அப்புடித்தான் இருந்துச்சு. அழுதேன்னு எல்லாரும் சொல்றாங்க. வீட்டுக்குப் போயி யோசிச்சுப் பாத்தேன். ஒன்னும் இல்லீங்க."

"அவங்ககிட்ட சொல்லப் போறியா?"

"கேட்டா சொல்லுவேன். யாரும் கேக்கல."

காய்ந்த லென்ஸை எடுத்து அடுப்பில் போட்டாள். டப்பாவைக் கொதிநீரில் அலசி, துடைத்து, குழந்தைத் துணிகளுக்குக் குத்தும் ஊசிகளை அதற்குள் போட்டாள். பெரியவை ஒரு குழியில், சின்னவை மறு குழியில். மூடியைத் திருகி, பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வைத்தாள். மேலே மலையிலிருந்து தாய்மார்கள் இறங்கி வரும் சத்தம் கேட்டது. பால் நேரம். அவள் கை கழுவப் போனாள்.